மஞ்சள் பூசிய பூச்சி

மஞ்சள் குருத்தைத் துளைக்கிற பூச்சிக்கு, எந்த வீட்டு மருமகள் எந்த நாளில் ஒதுங்கி இருந்தாள் என்பது தெரியுமா, நீங்களே சொல்லுங்கள்? இளந்தண்டு தெரியும், இருட்டு தெரியும், முட்டை வைக்க இலைமறைவு தெரியும், அதற்குமேல் நகக்கண் அளவு உயிருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது. ஆனால் மோகனப்பிரியாவின் மாமியார் பாவாயம்மாளைக் கேட்டால் தெரியும் என்பார், தெரிந்துகொண்டுதான் வந்தது என்பார், அதனால்தான் இன்றைக்கு உச்சிப்பொழுதில் குலதெய்வத்திடம் பூ கேட்கப் போகிறார்கள். ஒரு பொட்டணத்தில் செவ்வரளி, இன்னொரு பொட்டணத்தில் வெள்ளரளி, இரண்டையும் இலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைத்து, சூதுவாது தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் மஞ்சள் காய்வதற்கு வேறு காரணம். சிவப்பு வந்தால் மோகனாவின் கால் காரணம், தீட்டோடு மஞ்சள் காட்டுக்குள் வைத்த கால், அப்புறம் தையில் மஞ்சள் வெட்டுகிற வரைக்கும் அந்தக் கால் இந்தத் தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது, அம்மா வீட்டில் போய் இருந்துகொள்ள வேண்டும். போய் இருப்பதில் ஒன்றுமில்லை, அம்மா வீட்டுக்குப் போகக் கசக்குமா யாருக்காவது, ஆனால் அந்தப் பேச்சின் வாலில் பாவாயம்மாள் ஒன்றைக் கட்டி விட்டார், முறத்தில் இருக்கிற அரிசியைப் புடைத்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல். "பாப்பா இங்கயே இருக்கட்டும். பள்ளிக்கூடத்து வேனு உங்கூருக்கு வராதுல்ல." அவ்வளவுதான். வேன். நாலு வயதுப் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிக்க ஒரு மஞ்சள் நிற வேன் போதுமாக இருக்கிறது. அந்த ஆத்திரத்தில்தான் விடிந்ததும் பால் கறந்து வைத்துவிட்டு, பூ கேட்கிற வரைக்கும் காட்டுக்குள் கால் வைக்காதே என்று சொன்ன காட்டுக்குள்ளேயே அவள் காலை வைத்தாள், காய் அரிகிற கத்தி ஒரு கையில், சோப்புத் தண்ணீர் ஊற்றிய பழைய பெயிண்ட் வாளி ஒரு கையில், இடுப்பளவு மஞ்சள் இலை இரண்டு பக்கமும் பனியோடு புடவையை நனைக்க, நடுக்குருத்து வாடிய செடியாகப் பார்த்துப் பார்த்துக் குனிந்தாள். வெளியே பார்த்தால் எல்லாம் பச்சை. நடுவில் ஒரே ஒரு குருத்து மட்டும் பழுத்துச் சுருண்டு நிற்கும், அந்தத் தண்டில் கீழே தேடினால் ஒரு துளை இருக்கும், துளை வாயில் மரத்தூள் மாதிரி ஈரமாய் எச்சம். அந்த இடத்தில் கத்தியை வைத்துக் கிழித்தால் உள்ளே சுகமாய்ப் படுத்திருக்கும், செம்பழுப்பாய், உடம்பெல்லாம் மரு மருவாய், தலை மட்டும் கறுப்பாய். எடுத்து வாளியில் போடு. அடுத்தது. எடுத்துப் போடு. சிலது மேலே இல்லை, கீழே இறங்கிக் கிழங்கின் கழுத்துக்கே போயிருக்கிறது, மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது, மண்ணை விலக்கும்போதெல்லாம் மஞ்சள் வாசம் குப்பென்று அடிக்கிறது, கல்யாண வாசம், சீர் வாசம், அதுவும் சேர்ந்து எரிச்சலைக் கிளப்புகிறது.

யாரு பாக்கறா, வா. அந்த மூன்று வார்த்தைதான். எங்கே சுற்றினாலும் மனசு வந்து அதில் முட்டிக்கொள்கிறது, செக்குமாடு மாதிரி. யாரு பாக்கறா, வா. அன்றைக்கு மடை உடைந்து தண்ணீர் மண் அணைத்த பாரையெல்லாம் கரைத்துக்கொண்டு ஓடியபோது, அவள் தோட்டத்துச் சாளை வீட்டின் பின்பக்கம் தனிச் சொம்பும் தனித் தட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒதுங்குகிற நாளில் அந்த வீட்டுப் பெண்களுக்கு அங்கேதான் இடம், அதையும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள், நல்லதுதானே, பாத்திரம் கழுவ வேண்டாம், செல்போனில் பாட்டுக் கேட்கலாம். லோகநாதன் காட்டுக்குள்ளிருந்து கத்தினான். "மோகனா, ஓடியா, மடை ஒடைஞ்சு போச்சு, மம்பட்டிய எடுத்துட்டு ஓடியா!" அவள் வரப்பு வரைக்கும் ஓடிப் போய் நின்றுவிட்டாள். நின்றாள், அதை யாராவது கணக்கில் எடுத்துக்கொண்டார்களா, நின்றாளே. "நா தூரமுங்க," என்றாள், அதைக் கத்திச் சொல்ல வெட்கமாய், சொல்லாமல் இருக்கப் பயமாய். புருசன் முட்டிக்கால் சேற்றில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் மண்ணை அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் பிய்த்துக்கொள்கிற தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான், யாரு பாக்கறா, வா. அவள் போனாள். அவள் வெட்டி வெட்டி மண் போட அவன் மிதித்து மிதித்து மடையைக் கட்டினான். கட்டி முடித்ததும் இரண்டு பேரும் சிரித்தார்கள்கூட, அவன் மூக்கில் சேறு, "எரும மாதிரி இருக்கறீங்க" என்றாள், "எருமைக்கு வாக்கப்பட்டவ நீயி" என்றான். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே போயிற்று. சேறு காய்ந்தது, காய்ந்த சேற்றில் கால் தடம் நின்றது. மறுநாள் பாவாயம்மாள் தண்ணீர் பார்க்கப் போனவர் வரப்பில் குனிந்து பார்த்தார், மெட்டி அழுந்திய தடம், சின்னக் கால், இந்த வீட்டில் வேறு யாருக்கு அந்தக் கால். பக்கத்திலேயே பெரிய கால் ஒன்று, அதைவிட ஆழமாய், கட்டை விரல் கொஞ்சம் வெளியே வளைந்து, அது யாருடையது என்று அந்தக் காலைப் பெற்றவளுக்குத் தெரியாதா. தெரியும். ஆனால் தடத்திலும் ஆண் தடம் பெண் தடம் இருக்கிறது போல, பெரிய தடம் கண்ணில் விழவில்லை, விழுந்தாலும் அது வேலை செய்த தடம், இது தீட்டுப் பட்ட தடம். கொஞ்ச நாளில் குருத்துகள் வாட ஆரம்பித்தன. "பாத்தியா, பாத்தியா," என்று வந்திருந்த ஒறம்பரைச் சனத்துக்கு முன்னால் மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார், "மஞ்சளு மகாலச்சுமி. சும்மா உடுமா?" லோகநாதன் அங்கேதான் இருந்தான், காபி டம்ளரோடு. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். இப்போது சொல்வான், நாந்தாம்மா வரச் சொன்னேன் என்று. இப்போது. டம்ளரைச் சுழற்றினான், அடியில் நின்ற சர்க்கரையைக் குடித்தான். "ம்," என்றான்.

அந்த "ம்" இருக்கிறதே. அதை எதில் கிழித்துப் பார்ப்பது. கத்தி தண்டுக்குள் கொஞ்சம் ஆழமாகவே போய்விட்டது, நல்ல தண்டையும் சேர்த்துக் கிழித்துவிட்டாள், சே, இது நன்றாக இருந்த செடி, பக்கத்துச் செடியைத்தான் கிழித்திருக்க வேண்டும். கோபத்தில் வேலை செய்தால் இப்படித்தான், கோபத்தில் தோசை சுட்டாலும் இப்படித்தான், நேற்று ராத்திரி ஒரு தோசைகூட வட்டமாய் வரவில்லை, அதற்கும் கவிஷா, "அம்மா, இது இந்தியா மேப்பு" என்று சிரித்தாள். பிள்ளை சிரித்தால் தனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, அதுதான் தன்னுடைய கோளாறு, எட்டாவது டீச்சர்கூட அதைத்தான் சொன்னார், நீ அழுது நான் பார்த்ததே இல்லை பிள்ளை என்று. சிரிக்கிறவளுக்கு உறைக்காது என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்களோ. "என்ன அம்மிணி, காலங்காத்தால கத்தியும் கையுமா நிக்கற? யாரக் குத்தப் போற?" வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சக்கா, பக்கத்துத் தோட்டத்துக்காரி, தலையில் புல்லுக்கட்டு. "இன்னிக்குப் பூ கேக்கறாங்களாமா?"

"ஆமாங்கக்கா."

"உங்க மாமியா சொன்னாங்கொ. வெள்ள வந்தா நீ இங்க, செவப்பு வந்தா உங்கூட்டுக்கு. எங்கூட்டுல இப்பிடி ஒரு பூவக் கேக்கறதுக்கு ஆளில்லயே. என்னிக்கோ செவப்ப எடுத்துட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயி கால நீட்டிப் படுத்திருப்பனே." தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கினாள், புல்லுக்கட்டும் கூடக் குலுங்கியது. மோகனாவுக்கும் வாய் சிரித்துவிட்டது, பாழாய்ப்போன வாய். நாச்சக்கா போகிறபோது குரலைத் தாழ்த்தி, "எங்க மஞ்சள்லயும் புழு உழுந்திருக்குது சாமி," என்றாள். "எங்கூட்டுல எல்லாம் நின்னு போன கெழடுகதான். எங்களுக்கு எந்தத் தீட்டாம்?" அதைச் சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். பாவாயம்மாளுக்கு முன்னால் வந்து சொல்வாளா என்றால் சொல்ல மாட்டாள். எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தெரிகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், யாரிடமும் சொல்லாவிட்டாலும் இந்தக் குருத்துகளிடமாவது. ராத்திரி படுத்தபோது அவளுக்கே ஒரு நினைப்பு வந்தது. என் கால்தானோ. ஒரு வேளை. சின்ன வயதில் அவளுடைய அம்மா சொல்வாள், ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, கறிவேப்பிலைச் செடிகிட்டப் போகாதே, பட்டுப் போகும். ஒரு தரம் வேண்டுமென்றே போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறாள், பதினாலு வயதில், கறிவேப்பிலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்தாள், அது பாட்டுக்குத் துளிர் விட்டது, அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டாள். அப்படிப்பட்டவளுக்கே ராத்திரி அந்த நினைப்பு வந்ததே, என் கால்தானோ, அது எந்த வழியாக உள்ளே வந்தது. துளை எங்கே. மாமியார் சொன்னது காதோடு போயிற்று, ஒறம்பரை உச்சுக் கொட்டியது முதுகோடு போயிற்று, உள்ளே இறங்கியது அந்த "ம்" தான். புருசனே "ம்" என்றால் அதில் ஏதோ இருக்கும் போல என்று தூக்கத்துக்குள் ஒரு குரல். இதற்குத்தான் கோபம், இப்போது பிடிபட்டுவிட்டது, அவர்கள் பழி சொன்னதற்கு அல்ல, தன் மனசுக்குள்ளேயே தன்னைச் சந்தேகிக்கிற ஒன்றை வைத்துவிட்டார்களே, அதற்குத்தான். ஒரு மாசத்துக்கு முன்னால் சமையல்கட்டு பல்பைச் சுற்றி ஒன்று வந்தது, அந்தப் பூச்சிதான், சுவரில் உட்கார்ந்தபோது கிட்டப் போய்ப் பார்த்தாள், இறக்கை முழுக்க மஞ்சள், அதில் கறுப்புக் கறுப்பாய்ப் பொட்டு. முகத்துக்கும் கைக்கும் மஞ்சள் பூசிக் குளித்து, பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமைக்குக் கோயிலுக்குக் கிளம்பிய கட்டுக்கழுத்தி மாதிரி இருந்தது. பாவாயம்மாளும் பார்த்தார். "லச்சணமா இருக்குது பாரு, அடிக்காத, உட்ரு," என்றார். அதை விட்டார்கள். அது போய்க் காட்டில் முட்டை வைத்தது. அதற்கு லட்சணம், எனக்குத் தீட்டு. அந்த வாளியைப் பார்த்தாள், சோப்பு நுரைக்குள் புழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று, சுருண்டும் நெளிந்தும். இவை ஒவ்வொன்றும் இன்னும் சில நாள் விட்டிருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

"அம்மா! ஒண்ணு எடு!" வரப்பில் கவிஷா. பட்டுப்பாவாடை கட்டித் தலையில் இரட்டைச் சடை போட்டுவிட்டிருக்கிறார் பாட்டி, கோயிலுக்கு, அதோடு சேற்றில் குந்தியிருக்கிறது பிள்ளை. இரண்டு கையிலும் ஆமணக்கு இலையைச் சுருட்டிக் கட்டிய பொட்டணம். "ஒண்ணுதான் எடுக்கோணும். கண்ண மூடிக்கோ. ஆத்தா சொல்லிக் குடுத்துச்சு. எதயெடுத்தாலும் முட்டாயி குடுப்பாங்களாமா." பாட்டியிடம் ஒத்திகை நடந்திருக்கிறது. மிட்டாய்க் காகிதத்தில் சுற்றிச் சுற்றி, சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இது ஒரு விளையாட்டு என்று. இந்தக் கை, நகத்தில் இன்னும் நேற்றைய கலர் பென்சில் அழுக்கு, இந்தக் கையை விட்டுத்தான். பெரியவளானதும் யாராவது சொல்வார்கள், சொல்லாமல் இருப்பார்களா இந்த ஊரில், உங்கம்மாளத் தொரத்துன பூவ நீதான் கண்ணு எடுத்த. அப்போது இந்தப் பிள்ளை தன் கையை வைத்துக்கொண்டு என்ன செய்யும். என் கால், என் மகள் கை, இந்த வீட்டில் பழிக்கு எப்போதும் ஒரு பெண்ணின் கையோ காலோ தேவைப்படுகிறது, தலை மட்டும் யாருக்கும் தேவைப்படுவதில்லை. "எடும்மா!" என்று பிள்ளை சிணுங்க, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாள். பிரித்தால் உள்ளே ஒரு கூழாங்கல். "நீ தோத்துட்ட!" கைகொட்டிச் சிரித்தது. "இன்னொண்ணுல என்ன கண்ணு?" "கொட்டமுத்து!" என்று தானே பிரித்துக் காட்டியது. வரப்பில் நிற்கிற ஆமணக்குக் கொத்திலிருந்து பறித்த ஒரு காய், பச்சை முள்ளோடு, ஆனால் முள்ளுக்கு மேலே நூலாம்படை, நூலாம்படைக்குள் ஈரத் தூள். மரத்தூள் மாதிரி. மோகனா அந்தக் காயை வாங்கிக் கத்தியால் பிளந்தாள். உள்ளே பருப்பைத் தின்றுகொண்டு படுத்திருந்தது, செம்பழுப்பாய், மரு மருவாய், தலை கறுப்பாய்.

அவள் எழுந்து போய் ஆமணக்கைப் பார்த்தாள், ஒரு கொத்து, இன்னொரு கொத்து. வரப்பு நெடுக நிற்கிறது, மஞ்சளுக்கு நிழல் என்றும், பிள்ளைக்கு விளக்கெண்ணெய் ஆச்சு என்றும் மாமியார் தன் கையால் ஊன்றிய ஆமணக்கு, கொத்துக்குக் கொத்து நூலாம்படை. இங்கே பெருகி அங்கே இறங்கியிருக்கிறது. அவ்வளவுதானா. இவ்வளவுதானா. ராத்திரியெல்லாம் தன் காலைத் தானே போர்வைக்குள் இழுத்துக்கொண்டு படுத்தது இதற்குத்தானா. சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை, கோபம்தான் காதுவரைக்கும் ஏறியது, ஏனென்றால் இதைக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும், மாமியார் சொல்லப்போகிற வார்த்தைகூடத் தெரியும், "என்ற மாமியா காலத்துலிருந்து வரப்புல கொட்டமுத்து நிக்குது, அப்பெல்லாம் இந்தப் புழுவக் கண்டமா?" புழுவுக்குச் சாட்சி ஆமணக்கில் இருக்கிறது. அவளுக்குச் சாட்சி எங்கே இருக்கிறது. அது இரண்டு காலோடு நடமாடிக்கொண்டு, காபி குடித்துக்கொண்டு, "ம்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறது. புழு எங்கிருந்து வந்தது என்று நிரூபித்துவிட்டால் இந்த வருஷம் தப்பிக்கலாம். அடுத்த வருஷம் மாடு பால் வற்றும், கிணறு வற்றும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காயைப் பிளந்து காட்டிக்கொண்டா இருக்க முடியும். அவள் அந்தக் காயை வாளிக்குள் போட்டாள். போட்டுவிட்டுக் கையைத் துடைக்கும்போதுதான் கவனித்தாள், விரல் இடுக்கெல்லாம் மஞ்சள் ஏறிக் கிடந்தது, தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது.

பைக் சத்தம். லோகநாதன். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும், நெற்றியில் திருநீறு. பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வந்தான், அன்றைக்கு மடை உடைந்த இடத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினான். கட்டிய மண் இன்னும் அப்படியே இறுகி நிற்கிறது, இரண்டு பேரும் கட்டியது. "அம்மா முன்னாலயே போயாச்சு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையின் பாவாடையைப் பார்த்து. "இதென்ன, பாவாடையெல்லாம் சேறு. நீ ஏன் உள்ள எறங்குன, அம்மா வேண்டாம்னுச்சுல்ல. நேரமாச்சு, கெளம்பு."

அவள் வாளியை அவன் முன்னால் நீட்டினாள். எட்டிப் பார்த்தான், ஒரு விரலால் காயைப் புரட்டினான், நிமிர்ந்து வரப்பு ஆமணக்கை ஒரு பார்வை, காட்டை ஒரு பார்வை. அவனுக்குப் புரிந்துவிட்டது, பயிர் வைக்கிறவனுக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும். "தெரியும்," என்றான் மெதுவாக. "பூச்சிதான். எனக்குந் தெரியும் மோகனா. அம்மாகிட்டச் சொன்னா கேக்குமா? ஒரு பூவுதான. அது மனசு ஆறிப் போயிரும். வெள்ளயே வரும், பாரு."

"செவப்பு வந்தா?"

வேட்டி நுனியை மடித்தான், அவிழ்த்தான், மறுபடி மடித்தான். அடுத்ததாக என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும், அதோ தொண்டைக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது, வாயைத் திறக்கக்கூட வேண்டாம் அதற்கு, மூக்காலேயே வந்துவிடும். அது வெளியே வருவதற்குள் அவள் கத்தியை வாளியின் விளிம்பில் வைத்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், சேறும் பட்டும் மஞ்சளுமாய். குரல் உயரும் என்று அவளே எதிர்பார்த்தாள், உயரவில்லை, மாட்டுக்குத் தீனி வைக்கச் சொல்கிற குரல் மாதிரியே சாதாரணமாய் வந்தது.

"கெளம்பலாமுங்க. பூவும் கேக்கலாம், எனக்கொண்ணும் பயமில்ல. ஆனா பொட்டணத்த எம்புள்ள எடுக்க வேண்டாம், நீங்க எடுங்க. எடுக்கறதுக்கு முன்னால, அன்னிக்கு இதே மடையில நின்னுட்டு எங்கிட்ட என்ன சொன்னீங்களோ, அத அம்மனுக்கும் உங்கம்மாளுக்கும் காது கேக்கற மாதிரி ஒருக்காச் சொல்லிப்போட்டு எடுங்க."